ஆபரேஷன் செய்த கண்ணுக்கு லேசர் ஆகாதா?

“ஏற்கெனவே கத்தி வெச்ச கண்ணுங்க. அதுல போயி லேசர் வெச்சா, இருக்குற பார்வையும் போயிரும்.”

கண் மருத்துவமனை வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தத் தீர்ப்பு காதில் விழாமல் போகாது. சொல்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்கமாட்டார். துணைக்கு வந்த மாமாவாகவோ, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவாகவோ இருப்பார். இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு: “லேசர் கட்டத்தையெல்லாம் தாண்டியாச்சும்மா. சொட்டு மருந்தை விடாம போடுங்க, பாப்போம்.” இன்னொரு கட்சியும் இருக்கிறது. கிளாக்கோமாவில் லேசர் என்றாலே பார்வை போன கண்ணில் வலி குறைய வைப்பது என்று அது நம்புகிறது; ஆகவே டாக்டர் லேசர் என்று வாயெடுத்ததும் கண்ணைக் கைவிட்டுவிட்டார் என்று அழத் தொடங்கிவிடுகிறது.

மூன்று பேச்சும் வேறு வேறு வாயிலிருந்து வந்தாலும் முடிவு ஒன்றுதான்: ஆபரேஷன் ஆன கண்ணில் லேசருக்கு வேலை இல்லை. இந்த முடிவு தவறு. கிளாக்கோமாவுக்கான லேசர்களில் சில, ஆபரேஷன் செய்த கண்ணில் மட்டுமே செய்யக்கூடியவை. வேறு சில, ஆபரேஷன் ஆன கண்ணில் செய்வதற்கே எளிதானவை. மற்றவற்றில் “செய்யலாமா” என்பதற்கு விடை கண்ணுக்குக் கண் மாறும். அந்த விடையை வராந்தாவில் சொல்லிவிட முடியாது.

இதில் பணயம் சின்னதல்ல. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. கண்புரைபோல முற்றவிட்டு எடுத்துக்கொள்ளும் சங்கதி இல்லை இது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2003இல் வெளியானது. 40 வயதைத் தாண்டிய 5150 பேரைப் பரிசோதித்ததில் 2.6 விழுக்காட்டினருக்கு கிளாக்கோமா இருந்தது. திறந்த கோண வகை கிளாக்கோமா உள்ளவர்களில் 93 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. நோய் தெரிந்து, ஒரு ஆபரேஷனும் முடித்து, திரும்பப் பரிசோதனைக்கும் வந்து நிற்பவர் அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. அவரை ஒரு வதந்தி திருப்பி அனுப்புகிறது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முதலில் மருத்துவர்கள் தரப்பு வாதத்தைப் பார்த்துவிடலாம், அதற்குத்தான் படிப்பின் பலம் இருக்கிறது. சிகிச்சையை ஏணிப்படியாக நினைப்பது அவர்களின் பழக்கம்: முதலில் சொட்டு மருந்து, அது போதாவிட்டால் லேசர், அதுவும் போதாவிட்டால் ஆபரேஷன். மேல்படிக்குப் போனவர் கீழ்ப்படிக்கு ஏன் இறங்க வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படிவரிசை எந்த ஆராய்ச்சியிலும் இறுதி செய்யப்பட்டதில்லை. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய ‘அட்வான்ஸ்டு கிளாக்கோமா இன்டர்வென்ஷன் ஸ்டடி’ இதே படிகளைக் கலைத்துப்போட்டுத்தான் பார்த்தது. 591 நோயாளிகள், 789 கண்கள். ஒரு பிரிவுக்கு முதலில் ஆர்கான் லேசர், பிறகு ஆபரேஷன். மற்றப் பிரிவுக்கு முதலில் ட்ராபெகுலெக்டமி ஆபரேஷன், அது தோற்றால் லேசர், அதுவும் தோற்றால் மறுபடி ஆபரேஷன். கறுப்பின நோயாளிகளுக்கு முதல் வரிசையும், வெள்ளையருக்கு இரண்டாவது வரிசையும் பொருந்துவதாக அந்த ஆய்வு சொன்னது. வெள்ளையருக்குச் சரியென்று வந்த வரிசையில் லேசர் இருந்த இடம் ஆபரேஷனுக்குப் பிந்தைய இடம். நடுவில் வந்த லேசர் தனியாக எவ்வளவு உதவியது என்பதை இந்த முடிவு மட்டும் நிரூபித்துவிடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் லேசர் என்பது மருத்துவ மரபுக்கே விரோதம் என்று இனி யாரும் பேச முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதிவைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஏணிக்காரர்கள் மறந்துபோகும் இன்னொன்று, அவர்கள் கையாலேயே அன்றாடம் நடக்கிறது. ட்ராபெகுலெக்டமி என்பது 1968இல் கேம்பிரிட்ஜின் கேர்ன்ஸ் எழுதியதிலிருந்து உலகெங்கும் பரவிய ஆபரேஷன். வெள்விழியில் ஒரு சிறு மூடி வெட்டி, கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் அடியில் கசிந்து மேல்படலத்துக்குக் கீழே சேரும்படி வழி செய்வார்கள். மூடியைத் தளர்வாகத் தைத்தால் நீர் ஒரேயடியாக வடிந்து கண் சப்பிப்போகும். இறுக்கித் தைத்தால் அழுத்தம் இறங்காது. அதனால் அறிந்த அறுவையாளர் வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கித்தான் தைப்பார், பிறகு லேசர் இருக்கிறது என்ற தைரியத்தில்.

அந்தப் ‘பிறகு’ எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். நோயாளி ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக் கீழே பார்க்கிறார். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டாயிற்று. டாக்டர் மேல் இமையைத் தூக்கி, ஹாஸ்கின்ஸ் லென்ஸ் என்ற சிறு கண்ணாடியை வெள்விழிமேல் அழுத்துகிறார். அழுத்திய இடத்தில் வீக்கமும் ரத்தச் சிவப்பும் ஒதுங்கி, படலத்துக்கு அடியில் கறுப்பு நைலான் தையல் பளிச்சென்று தெரிகிறது, தலைமுடியைவிட மெல்லிசு. கால்மிதியை ஒரு தட்டு. பத்தில் ஒரு பங்கு விநாடி. தையல் அறுந்து இரு முனையும் விலகுகின்றன. மேல்படலத்தில் கத்தி படவே இல்லை. பல கண்களில் அங்கேயே, அப்போதே கொப்புளம் மெல்ல உப்பி வருவதைப் பார்க்கலாம். அழுத்தத்தை அளந்து, போதாவிட்டால் இன்னொரு நாள் அடுத்த தையல். ஒரே நாளில் எல்லாவற்றையும் அறுக்கமாட்டார்கள்.

இதற்குக் காலக்கெடு உண்டு. தழும்பு கட்டிவிட்டால் தையலை அறுத்தும் பயனில்லை. தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து தடவிய கண்களில் கெடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஆக, “ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு லேசரு, காசு புடுங்கவா” என்று மூன்று வாரம் இழுத்தடிக்கும் குடும்பம், நல்லபடியாக முடிந்த ஆபரேஷனைத் தானே கெடுத்துக்கொள்கிறது. இந்தப் பழியும் கடைசியில் லேசர்மேலோ டாக்டர்மேலோதான் விழும்.

இன்னும் அவசரமான ஒன்று உண்டு. கோணம் குறுகிய கண்களில் ஆபரேஷனுக்குப் பின் அரிதாக, கண்ணுக்குள் சுரக்கும் நீர் முன்பக்கம் வராமல் பின்னால் போய்த் தேங்கிவிடும். தேங்கியது லென்ஸையும் ஐரிஸையும் முன்னுக்குத் தள்ளும். முன்னறை தட்டையாகி அழுத்தம் எகிறும். 1869இல் ஃபான் கிரேஃபே இதற்கு ‘மாலிக்னன்ட் கிளாக்கோமா’ என்று பெயர் வைத்தார்; புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடங்காத கிளாக்கோமா என்பதால் வந்த பெயர். அட்ரோபினும் மாத்திரைகளும் கைகொடுக்காதபோது, யாக் லேசரால் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கூழின் முன்தோலை உடைத்து நீருக்கு வழி திறக்கிறார்கள். 1980களிலிருந்தே நடப்பில் உள்ள சிகிச்சை. இதில் கவனிக்க வேண்டியது: இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் இந்தத் தோலை எட்டுவது மிகக் கடினம். புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்த கண்ணில் பாதை திறந்திருக்கிறது. அதாவது முன்பே ஆபரேஷன் ஆகியிருப்பதால்தான் லேசர் சாத்தியமாகிறது.

இனி, நம் ஊரில் ‘ஆபரேஷன் ஆன கண்’ என்றால் நூற்றுக்குப் பெரும்பான்மை என்ன ஆபரேஷன்? கண்புரைதான். புரை எடுத்தவருக்குக் கிளாக்கோமா வந்தால், அல்லது முன்பே இருந்தது இப்போது தெரியவந்தால், வடிகால் சல்லடைக்கு லேசர் வைக்கலாமா? இந்தக் கேள்வியில்தான் பழைய பயத்தின் வேர் இருக்கிறது என்பது என் கணிப்பு.

1979இல் வைஸும் விட்டரும் ஆர்கான் லேசரைக் கொண்டு கண்ணின் வடிகால் சல்லடையில் சூடு வைக்கும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த பத்தாண்டில் அதைப் பரவலாகச் செய்தபோது, லென்ஸே இல்லாத கண்களில் அது சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அந்தக் காலத்துப் புரை ஆபரேஷன் எப்படி என்பதை இன்று 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கண் முகாமில் லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். பெரிய வெட்டு, பல தையல், கோணத்தில் ஒட்டல்கள். அப்படிப்பட்ட கண்ணில் ஆர்கான் லேசர் தோற்றது உண்மை. அந்தத் தோல்வி வாய்வழியாக இறங்கி வந்து, மதுரையில் ஆரோலேப் 1992 முதல் மலிவாகத் தயாரித்த லென்ஸ்கள் வைக்கப்பட்ட கண்களுக்கும் பேரன் காலத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கண்ணும் வேறு, இந்தக் கண்ணும் வேறு. சின்ன வெட்டில் புரையை எடுத்து மெல்லிய லென்ஸ் வைத்த கண்ணில், தடித்த பழைய லென்ஸ் அகற்றப்பட்டதால் முன்னறை ஆழமாகி, கோணம் முன்பைவிட விரிந்திருக்கும். லேசர் வைப்பவருக்குச் சல்லடை இன்னும் தெளிவாகத் தெரியும். லேசரும் அதே லேசர் இல்லை. 1995இல் லட்டினாவும் சகாவும் ஆய்வுக்கூடத்தில் காட்டி, 2001இல் அமெரிக்க அனுமதி பெற்ற எஸ்.எல்.டி. என்ற முறை, நிறமி உள்ள செல்களை மட்டும் குறிவைக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் 3 நானோ விநாடி. சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் முடிந்துவிடும். ஆர்கானின் பொட்டு 50 மைக்ரான் என்றால் இதன் பொட்டு 400 மைக்ரான். சல்லடையைச் சுற்றி ஏறத்தாழ நூறு பொட்டு. சக்தி சரியாக இருக்கிறதா என்பதற்கு அடையாளம், சல்லடைமேல் பொடிப்பொடியாகக் கிளம்பும் குமிழிகள். அவை தெரிந்ததும் டாக்டர் ஒரு படி குறைத்துக்கொள்வார். சுட்ட வடு என்று ஒன்றும் நிற்காது. புரை ஆபரேஷன் ஆன கண்களையும் ஆகாத கண்களையும் வைத்துப் பலர் ஒப்பிட்டுவிட்டார்கள்; அழுத்தம் இறங்குவதில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை.

இங்கிலாந்தில் 718 பேரை வைத்து நடந்த ‘லைட்’ ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வெளியானது. புதிதாக நோய் கண்டவர்களில் ஒரு பாதிக்கு எஸ்.எல்.டி., மறுபாதிக்குச் சொட்டு மருந்து. மூன்று ஆண்டு முடிவில் லேசர் பிரிவில் 74 விழுக்காட்டினர் சொட்டு மருந்தே இல்லாமல் கட்டுக்குள் இருந்தார்கள். கிளாக்கோமா ஆபரேஷன் வரை போனவர்கள் மருந்துப் பிரிவில் 11 பேர், லேசர் பிரிவில் ஒருவரும் இல்லை. 2022இல் அந்நாட்டின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலையே மாற்றியது. “அதெல்லாம் கன்னிக் கண்ணுங்க சார்” என்று எதிர்த்தரப்பு சொல்லும். முழுக்க அப்படி இல்லை. கண்ணுக்குள் ஆபரேஷன் ஆனவர்களை அந்த ஆய்வு ஒதுக்கியது. ஆனால் சிக்கலில்லாமல் புரை எடுத்து ஓராண்டு ஆனவர்களுக்கு அதில் இடம் இருந்தது. மற்ற ஆபரேஷன் ஆன கண்களைப் பற்றி லைட் எதுவும் சொல்லவில்லை, நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஆய்வில் சேர்க்கப்படாததைத் தோற்றதாகக் கணக்கெழுதுவது என்ன நியாயம்?

போகிற போக்கில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். புரை எடுத்துச் சில மாதமோ வருஷமோ ஆனபின் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பை மங்கும். அதை யாக் லேசரால் திறப்பார்கள். அதற்கும் கிளாக்கோமாவுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அதைச் செய்த சில மணி நேரத்தில் சிலருக்குக் கண் அழுத்தம் தற்காலிகமாக ஏறும். அதைத் தடுக்கவே பிரிமோனிடின் போன்ற சொட்டு விடுகிறார்கள். “எங்க அத்தைக்கு லேசர் வெச்சதுக்கப்புறம்தான் பிரஷர் ஏறுச்சு” என்ற சாட்சியம் பெரும்பாலும் இங்கிருந்து வருவது. சாட்சி பொய்யில்லை, வழக்குதான் வேறு.

இப்போது ‘கைவிட்ட கண்’ லேசருக்கு வருகிறேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோ லிட்டர் நீரைச் சுரப்பது ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரிப் பகுதி. வடிகால் சரியாகாதபோது சுரப்பைக் குறைப்பது என்ற எண்ணம் 1930களிலிருந்து உண்டு. முதலில் மின்சூட்டால் கருக்கினார்கள். 1950இல் பியெட்டி உறையவைத்துப் பார்த்தார். 1972இல் பெக்மன் லேசர் கொண்டுவந்தார். இன்று 810 நானோ மீட்டர் டயோடு லேசர். பழைய முறைகள் முரட்டுத்தனமானவை. கண் சுருங்கிப்போனதும் உண்டு. இதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் புள்ளிவிவரங்களை எந்தக் கண்கள் உண்டாக்கின? சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு, ஐரிஸில் புது ரத்தக்குழாய் படர்ந்த கண்கள். இரண்டு மூன்று ஆபரேஷன் தோற்ற கண்கள். சிலிகான் எண்ணெய் நிரப்பிய கண்கள், கருவிழி மாற்றிய கண்கள். லேசர் வைக்காமல் விட்டாலும் பார்வை இறங்கிக்கொண்டே போகக்கூடிய கண்களை மட்டும் லேசருக்கு அனுப்பிவிட்டு, “பாருங்கள், லேசர் வைத்தவர்களுக்குப் பார்வை போய்விட்டது” என்று கணக்குக் காட்டினால் ஏற்க முடியுமா? ஐ.சி.யூ.வில் இறப்பவர்கள் அதிகம் என்பதால் யாரும் ஐ.சி.யூ.வை மூடச் சொல்வதில்லையே.

பார்வை மிச்சமிருக்கும் கண்ணில், அதுவும் ஆபரேஷன் தோற்ற கண்ணில், இந்த லேசரை இன்று அளந்து செய்கிறார்கள். கண்ணை ஊசியால் மரக்கவைத்து, கருவிழி ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பின்னால் முனையை வைக்கிறார்கள். உள்ளே திசு வெடிக்கும் ‘பொப்’ சத்தம் கேட்டால் சக்தி மிகுதி என்று குறைக்கிறார்கள். மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் நரம்பு ஓடுவதால் அங்கே வைப்பதில்லை. முன்பு ஆபரேஷன் நடந்து உறுப்புகள் இடம் மாறியிருக்கலாம் என்பதால், இருட்டறையில் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, சிலியரிப் பகுதியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து இடம் குறிப்பவர்களும் உண்டு. முதல் முறை குறைவாகச் செய்துவிட்டுத் தேவைப்பட்டால் மறுபடி செய்கிறார்கள். மைக்ரோபல்ஸ் என்ற முறையில் லேசர் விட்டுவிட்டுப் பாய்வதால் திசு ஆற நேரம் கிடைக்கிறது. அதை வலியே இல்லாத அதிசயம்போல விளம்பரம் செய்வது எனக்கு உவப்பாக இல்லை. அழற்சி வரும், பார்வை கொஞ்சம் இறங்கவும் செய்யலாம், சிலருக்கு அழுத்தம் வேண்டியதைவிடத் தாழ்ந்தும் போகும். இரண்டாவது மூன்றாவது ஆபரேஷனுக்கும் இதே ஆபத்துகள் உண்டு. ஒப்பிட வேண்டியது அதோடுதான்.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மையான பகுதியும் இருக்கிறது. கோணம் முழுக்க ஒட்டிக்கொண்ட கண்ணில் எஸ்.எல்.டி. வைக்க இடமே இல்லை. சல்லடையையே வெட்டித் திறந்த ஆபரேஷன் ஆகியிருந்தால், வெட்டிய பக்கத்தில் குறிவைக்க ஒன்றும் மிச்சமிருக்காது. கண்ணுக்குள் அழற்சி இருந்தாலும், புது ரத்தக்குழாய் படர்ந்திருந்தாலும் எஸ்.எல்.டி. கூடாது. புரை ஆபரேஷனுக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டினாலேயே அழுத்தம் ஏறியிருக்கலாம். அப்போது முதல் வேலை அந்தச் சொட்டை நிறுத்துவது, லேசர் அல்ல. இன்னொன்று வெறும் கணக்கு. எஸ்.எல்.டி. தோராயமாக 20 முதல் 30 விழுக்காடு வரை அழுத்தத்தைக் குறைக்கும். நரம்பு ஏறக்குறைய முழுக்க அரிக்கப்பட்டு, அழுத்தம் 28இல் நிற்கும் ஒருவருக்கு 12 வேண்டும் என்றால், எஸ்.எல்.டி. அவரை 20க்கும் 22க்கும் இடையில் கொண்டுபோய் விட்டுவிடும். அவருக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும்; மதுரையில் 2013 முதல் தயாராகும் ஆடி குழாய் ஏழைக்கும் எட்டுகிறது. இவையெல்லாம் ஒவ்வொரு கண்ணையும் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லும் காரணங்கள். ‘கத்தி வெச்ச கண்ணு’ என்ற ஒற்றைக் காரணம் இவற்றில் எங்கேயும் இல்லை.

“சொட்டு மருந்து போதும்” என்று ஆறுதல் சொல்பவர்களுக்கும் ஒரு பதில். ஆபரேஷன் தோற்ற கண்ணில் மூன்று புட்டி மருந்தை வருஷக்கணக்கில் விடுவது பாதுகாப்பான வழி என்று யார் சொன்னது? டிமோலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, நாடித்துடிப்பைத் தாழ்த்தும். பதனச்சரக்கு கலந்த சொட்டுகளை நெடுங்காலம் விட்டால் கண்ணின் மேல்படலம் சிவந்து தடித்து, அடுத்த ஆபரேஷன் பலிக்கும் வாய்ப்பே குறைகிறது. முக்கியமாக, மருந்து வேலை செய்ய அதை விட வேண்டும். தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதியில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் எஸ்.எல்.டி. வைத்த கண்களில் 61 விழுக்காடு கட்டுக்குள் இருந்தன. டிமோலால் கொடுத்த கண்களில் 31. மருந்துக்குப் பஸ் ஏறிப் போகவேண்டிய ஊர் அங்கே மட்டுமா இருக்கிறது?

ஆகவே லேசர் என்று டாக்டர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த லேசர், வடிகாலுக்கா சுரப்புக்கா தையலுக்கா? என் கண்ணுக்கு எவ்வளவு அழுத்தம் இலக்கு, இதனால் அங்கே போய்ச்சேர முடியுமா? பலிக்காவிட்டால் அடுத்து என்ன? கேட்பவர் பழைய ஆபரேஷன் சீட்டையும் கையோடு கொண்டுபோனால் நல்லது. என்ன ஆபரேஷன், எந்தத் திசையில், குழாய் உண்டா, மைட்டோமைசின் தடவினார்களா என்பதெல்லாம் அந்த மடித்துக் கசங்கிய தாளில்தான் இருக்கிறது, பல வீடுகளில் அது ரேஷன் கார்டு உறைக்குள் கிடக்கிறது.

எஸ்.எல்.டி.யின் பலன் அன்றைக்கே தெரியாது. முழுசாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பழைய சொட்டை யாரும் சொல்லாமல் நிறுத்திவிட்டு, எட்டாம் நாள் பிரஷர் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, கத்தி வெச்ச கண்ணுல லேசர் புடிக்காதுன்னு அப்பவே சொன்னேன்ல” என்று மாமா சொல்வார். ஆறாம் வாரம் அளந்த சீட்டை அவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.